எண்ணெயும் ஓர் உறுப்பு

எண்ணெய் என்றவுடன் அதன் வழுக்கும் குணமே நம் நினைவுக்கு வருகிறது. வண்டியின் அச்சுக்கு மசகு இடுகிறோம். கிணற்று இராட்டினம் கிறீச்சிட்டால் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறோம். கதவுக் கீல் முரண்டு பிடித்தாலும் அதே வைத்தியந்தான். உராய்வைக் குறைப்பது எண்ணெயின் தொழில் என்பது சிறு பிள்ளையும் அறிந்த பாடம். ஆனால், 'ஓரிடத்தில் வழுக்கு. அடுத்த இடத்தில் இறுகப் பற்று' என்று ஒரே எண்ணெய்க்கு முரணான இரு கட்டளைகளை இடும் இயந்திரம் ஒன்று உண்டு. மோட்டார் வண்டிகளில் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமாட்டிக் டிரான்ஸ்மிஷன் என்னும் தானியங்கிக் கியர்ப் பெட்டியே அது. அதனுள் ஓடும் செந்நிறத் திரவத்தைப் பற்றியும், அமெரிக்காவில் பிக்-அப் டிரக் வைத்திருப்போர் அதைத் தம் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளும் முறையைப் பற்றியும் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

பிக்-அப் டிரக் என்பது முன்புறம் காரைப் போலவும் பின்புறம் திறந்த சுமைத்தொட்டியாகவும் அமைந்த வண்டி. ஃபோர்டு நிறுவனம் 1925-இல் தன் புகழ்பெற்ற மாடல் டி வண்டிக்குப் பின்புறம் ஒரு சுமைத்தொட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி, 281 டாலருக்கு விற்றது. அன்று தொடங்கி, உழவர், தச்சர், குழாய் வேலை செய்வோர், மின்பணியாளர் ஆகியோர்க்கு அமெரிக்காவில் இந்த வண்டியே நடமாடும் தொழிற்கூடமாக விளங்கி வருகிறது. வீட்டின் முன்னே வண்டி நிறுத்தச் சிமெண்டுத் தளம். சுவரோரம் கருவிகள் மாட்டிய கொட்டகை. சனிக்கிழமை காலையில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் ஒரு மனிதர். அந்த நாட்டின் புறநகர்த் தெருக்களில் இது மிகவும் இயல்பான காட்சி. பட்டறையில் கூலி மிகுதி என்பது ஒரு காரணம். தன் வண்டியைத் தானே அறிந்திருக்க வேண்டும் என்ற பழைய பழக்கம் மற்றொரு காரணம்.

முதலில் இந்தப் பெட்டியின் தேவையைப் பார்ப்போம். பெட்ரோல் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அதற்கு வலிமை போதாது. நின்றுவிட்டாலோ தானாகப் புறப்படத் தெரியாது. ஆகவே, வண்டி நிற்கும்போதும் எஞ்சின் சுழல வேண்டும். மேட்டில் ஏறும்போது வேகத்தைக் கொடுத்து விசையை வாங்க வேண்டும். சாதாரண வண்டியில் இதை ஓட்டுநரின் இடக் காலும் ஒரு கையும் செய்கின்றன. கால் கிளட்சை மிதிக்கிறது. கை கியரை மாற்றுகிறது. இந்தக் காலுக்கும் கைக்கும் ஓய்வு தர வேண்டும் என்று பொறியியலாளர் பல்லாண்டு முயன்றனர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஏர்ல் தாம்ஸன் என்பவர் தலைமையில் உழைத்த குழு அதில் வெற்றி கண்டது. 1939-இன் இறுதியில், 1940-ஆம் ஆண்டு மாதிரியான ஓல்ட்ஸ்மொபில் கார்களில் 'ஹைட்ராமாட்டிக்' என்ற பெயரால் அந்தப் பெட்டி விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இலகுரக டாங்கிகளிலும் அது பொருத்தப்பட்டது.

எஞ்சினையும் சக்கரங்களையும் அதில் இணைத்தது எது? இரும்புத் தண்டு அன்று; எண்ணெய்! இந்தக் கருத்து காருக்காகத் தோன்றியதும் அன்று. ஜெர்மானியப் பொறியியலாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் கப்பலுக்காக இதைக் கண்டார். நீராவிச் சுழலி மிக வேகமாகச் சுழலும். கப்பலின் உந்துசக்கரமோ மெதுவாகச் சுழல வேண்டும். அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு திரவத்தைத் தரகராக வைத்தார் அவர்.

இதை விளங்கிக்கொள்வது எளிது. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அது வீசும் காற்றால் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். முதல் விசிறியை எஞ்சினோடும் இரண்டாவதைச் சக்கரங்களோடும் இணைத்து, காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, ஒரே கூட்டில் அடைத்துவிட்டால் திரவ இணைப்புத் தயார். வண்டியை நிறுத்த வேண்டுமானால் பிரேக்கை அழுத்தினால் போதும். இரண்டாம் விசிறி நிற்கும், முதல் விசிறி எண்ணெயைக் கலக்கிக்கொண்டே இருக்கும், எஞ்சின் அணைவதில்லை. இரண்டுக்கும் இடையே எண்ணெயின் போக்கைத் திருப்பிவிடும் மூன்றாவது சக்கரம் ஒன்றையும் அமைத்தால், புறப்படும் வேளையில் திருகுவிசை பெருகும். அந்த மூன்று சக்கர அமைப்பே டார்க் கன்வர்ட்டர் எனப்படுவது.

அதன் பின்னால் பற்சக்கரக் கூட்டங்கள் இருக்கின்றன. நடுவில் சூரியனைப் போல் ஒரு சக்கரம். அதைச் சுற்றிக் கிரகங்களைப் போல் சிறு சக்கரங்கள். அவற்றை வளைத்து ஒரு பல்வளையம். இவற்றுள் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கியர் மாறும். பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்பவை கிளட்சு வில்லைகள். ஓர் எஃகு வில்லை, அடுத்துக் காகித நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய உராய்வுப் பூச்சுள்ள வில்லை, மீண்டும் எஃகு என்று அவை அடுக்கடுக்காக அமைந்திருக்கும். எண்ணெயின் அழுத்தம் ஓர் உந்துதண்டைத் தள்ளும், வில்லைகள் ஒன்றோடொன்று நெருங்கும், கியர் விழும். ஓட்டுநரின் காலும் கையும் செய்த வேலையை இப்போது எண்ணெய் செய்கிறது.

ஆகவே இந்தத் திரவத்தின் கடமைகளை எண்ணிப் பாருங்கள். எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துகிறது. கிளட்சுகளை அழுத்தும் கையாகிறது. பற்களுக்கும் தாங்கிகளுக்கும் மசகு ஆகிறது. அங்கே பிறக்கும் வெப்பத்தை வாரிக்கொண்டு, எஞ்சினின் முன்னுள்ள ரேடியேட்டருக்குச் சென்று, ஆறித் திரும்புகிறது. இவை போதாவென்று, எண்ணெயில் ஊறிய வில்லைகள் அதிராமலும் வழுக்காமலும் சரியான கணத்தில் பற்றிக்கொள்ளத் துணை நிற்கிறது. இந்தக் கடைசிக் கடமைக்காக அதனுள் உராய்வைச் செம்மைப்படுத்தும் சிறப்புச் சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. இப்படிப்பட்ட ஒன்றைப் பெட்டிக்குள் ஊற்றிய எண்ணெய் என்று சொல்வதைவிட, பெட்டியின் உறுப்புகளுள் ஒன்று என்று சொல்வதே பொருந்தும்.

அந்தச் சேர்மத்தின் வரலாறும் கேட்கத்தக்கது. 1949-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'டைப் ஏ' என்ற பெயரில் இத்திரவத்துக்கு ஒரு தர அளவை வகுத்தது. அக்காலத் திரவங்களில் உராய்வைச் செம்மைப்படுத்த எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுத்த எண்ணெய் சேர்க்கப்பட்டது. கடலின் பேருயிர் ஒன்று, நிலத்தில் ஓடும் காருக்காக உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது! 1970-இல் அமெரிக்க அரசு அந்தத் திமிங்கிலத்தை அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்ததும், வேதியியலார் செயற்கைச் சேர்மங்களைத் தேடும் நிலை ஏற்பட்டது. இன்றைய திரவங்கள் அத்தேடலின் வழிவந்தவை. அவற்றுக்குச் சிவப்பு நிறம் இயற்கையாக வந்ததன்று. எஞ்சின் எண்ணெயோடு மயங்காதிருக்கச் சேர்த்த சாயமே அது. வண்டிக்கு அடியில் தரையில் சிவப்புச் சொட்டு விழுந்திருந்தால், கசிவது எது என்று உடனே ஐயுறலாம்.

உறுப்பு என்றால் மூப்பும் உண்டு. இத்திரவத்தை மூப்படையச் செய்வது வெப்பம். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று கல்லூரியில் படிக்கிறீர்கள் அல்லவா? அந்த விதி இங்கே நேராகவே வேலை செய்கிறது. பிக்-அப் டிரக் பளுவான இழுவை வண்டியை இழுத்துக்கொண்டு மேடேறும்போது டார்க் கன்வர்ட்டரில் எண்ணெய் கடைபட்டுச் சூடேறுகிறது. சூட்டில் அது ஆக்சிஜனோடு கூடிக் கருக்கிறது, சேர்மங்கள் தேய்கின்றன, வில்லைகளிலிருந்து உதிரும் நுண்துகள் அதில் மிதக்கிறது. இக்காரணத்தால், இழுவை, மலைப்பாதை, கடும் வெயிலில் நகர நெரிசல் ஆகிய கடும் பணிகளில் ஈடுபடும் செவர்லே சில்வராடோ டிரக்குகளுக்கு 50,000 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இத்திரவத்தை மாற்றுமாறு அவற்றின் கையேடு கூறியது.

அந்தச் சில்வராடோவைத்தான் எடுத்துக்காட்டாகக் கொள்ளப் போகிறேன். 1999 முதல் 2013 வரை வெளிவந்த அந்த டிரக்குகளுள் மிகப் பலவற்றில் 4எல்60-ஈ என்னும் நான்கு கியர்ப் பெட்டி அமைந்திருந்தது. ஒஹாயோ மாநிலத்தில் நான் சில ஆண்டுகள் வசித்தபோது, அண்டை வீட்டில் இருந்த தச்சர் ஒருவரிடம் அத்தகைய வண்டி ஒன்று இருந்தது. பழையதாக வாங்கியது. 1,30,000 மைல் ஓடியிருந்தது. முன்பு எப்போதேனும் திரவம் மாற்றப்பட்டதா என்பதற்கு ஏடு எதுவும் இல்லை. பலகைகளும் அறுவை இயந்திரமும் ஏற்றிய இழுவை வண்டியை அந்த டிரக்தான் நாள்தோறும் இழுத்தது. பெட்டி கெட்டால், அதைச் சீர்செய்யும் செலவு வண்டியின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வண்டி நிற்கும் நாளெல்லாம் கூலியும் இல்லை. 'மாற்றாமல் விட்டால் கெட்டுவிடும் என்கிறார்கள். இத்தனை மைலுக்குப் பிறகு மாற்றினாலும் கெட்டுவிடும் என்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?' என்று அவர் என்னிடம் கேட்டார்.

அவர் கேட்டது வீண் கேள்வி அன்று. பழைய திரவத்தைத் தொடாதே, புதிது ஊற்றினால் பெட்டி செத்துவிடும் என்ற நம்பிக்கை மோட்டார் உலகில் பரவலாக உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. வில்லைகளின் பூச்சு முன்பே கருகித் தேய்ந்திருந்தால், எந்தத் திரவமும் அதை மீண்டும் முளைக்கச் செய்யாது. பெட்டி வழுக்கத் தொடங்கிய பிறகே பலர் திரவத்தை மாற்ற எண்ணுகிறார்கள். சில நாளில் பெட்டி நின்றுவிடுகிறது; பழி புதுத் திரவத்தின்மேல் விழுகிறது. நோய் முற்றியபின் வைத்தியரை அழைத்துவிட்டு, மருந்தைக் குறை கூறுவதைப் போன்றது இது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஆகவே, வதந்தியை விட்டுவிட்டு வண்டியையே கேட்டோம். வழுக்கும் பெட்டியை அறிய ஒரு வழி உண்டு. எஞ்சினின் சுற்று வேகத்தைக் காட்டும் முள் சட்டென்று ஏறும். வண்டியின் வேகத்தைக் காட்டும் முள்ளோ அதற்கேற்ப ஏறாது. தச்சரின் வண்டியில் இரண்டு முட்களும் ஒத்தே சென்றன. பிறகு டிப்ஸ்டிக் என்னும் அளவுக் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தோம். நல்ல திரவம் தெளிந்த சிவப்பாக இருக்கும். நாங்கள் கண்டது பழுப்பேறிய சிவப்பு. கருகிய வாடை இல்லை. பாலைக் கலந்தாற்போன்ற வெளிர்சிவப்பாக இருந்திருந்தால், ரேடியேட்டரின் நீர் உட்புகுந்தது என்று பொருள். காகித நாரால் ஆன பூச்சுக்கு நீர் பெரும் பகை. அப்போது திரவ மாற்றம் மட்டும் போதாது. இங்கே அந்தக் குறியும் இல்லை. திரவம் மூத்திருந்தது, பெட்டி மூத்துப்போகவில்லை. மாற்றுவதற்கு ஏற்ற நிலை இதுவே என்று முடிவு செய்தோம்.

இனி வேலையின் முறை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரைப் 'பார்க்' நிலையில் வைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அண்டை கொடுக்க வேண்டும். இந்த டிரக் உயரமானது. தூக்காமலே அடியில் நுழையலாம். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் செல்லக் கூடாது. உறுதியான தாங்கு முக்காலிகளின்மேல் வண்டியை இறக்கி, அசைத்துப் பார்த்த பிறகே படுக்க வேண்டும். திரவம் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக வடியும்; கொதிக்கும் நிலையிலோ கையைச் சுட்டுவிடும். பக்கத்தில் ஓடும் புகைக்குழாய் ஆறுவதற்கு இன்னும் சற்று நேரமாகும். அவசரம் இந்த வேலைக்கு ஆகாது.

பெட்டியின் அடியில் தட்டையான தாம்பாளம் போன்ற எண்ணெய்த் தட்டு ஒன்று 16 போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கிறது. பின்புறத்துப் போல்ட்டுகளையும் பக்கத்துப் போல்ட்டுகளையும் கழற்றிவிட்டு, முன்புறத்தவற்றைச் சில சுற்று மட்டும் தளர்த்தினால், தட்டு பின்பக்கமாகச் சாயும். அகன்ற பாத்திரத்தைக் கீழே வைத்திருந்தால் திரவம் அதில் இறங்கும். பிறகு தட்டை முழுவதும் கழற்றலாம். மேலே ஃபில்டர் தொங்கும். அதன் கழுத்து ஓர் இரப்பர் வளையத்தின் வழியாகப் பம்பினுள் செருகியிருக்கும். ஃபில்டரைக் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். அப்போதும் கொஞ்சம் திரவம் தலைமேல் கொட்டும். பழைய வளையம் உள்ளேயே தங்கிவிட்டால், அது பதிந்திருக்கும் அலுமினியக் குழியில் கீறல் விழாமல் எடுக்க வேண்டும். கீறல் விழுந்தால் அவ்வழியே பம்பு காற்றை உறிஞ்சும். காற்று கலந்த திரவம் அழுத்தம் தாங்காது.

தட்டின் உட்புறம் ஒரு காந்தம் இருக்கும். என்னைப் பொறுத்தவரை இந்த வேலையில் மிகச் சுவையான கட்டம் இதுதான். பெட்டியின் வாழ்க்கைக் குறிப்பு அந்தக் காந்தத்தில் எழுதியிருக்கிறது. சந்தனக் குழம்பு போல் வழவழப்பான சாம்பல் நிறப் பூச்சு படிந்திருந்தால், அது எஃகின் இயல்பான தேய்மானம். மினுக்கும் சில்லுகளோ கரிய பூச்சுத் துணுக்குகளோ கிடைத்தால், பெட்டி உள்ளே உடைந்துகொண்டிருக்கிறது. தச்சர் காந்தத்தை விரலால் வழித்து, வெயிலில் காட்டிப் பார்த்தார். குழம்புதான், சில்லு ஒன்றும் இல்லை. அதுவரை இறுகியிருந்த அவர் முகம் அப்போதுதான் தெளிந்தது.

தட்டையும் காந்தத்தையும் நூல் உதிராத துணியால் துடைத்தோம். ஒரு நூலிழைகூட அங்குள்ள நுண்வழிகளை அடைக்கக் கூடும். புதிய வளையத்தைச் சரிவில்லாமல் பதித்து, புதிய ஃபில்டரைச் செருகினோம். கேஸ்கெட்டைப் பசை தடவாமலே வைத்து, எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் திருகி, பின்பு எதிரெதிராக மாறிமாறி இறுக்கினோம். இதற்குரிய திருகுவிசை 11 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய நாலரைக் கிலோ எடையைத் தொங்கவிடும் அளவுக்குத்தான் இது சமம். அதே வண்டியின் சக்கர நட்டுகளுக்கு 190 நியூட்டன் மீட்டர் தேவை. அதே ஸ்பேனரில் ஓர் ஆள் முழுவதும் ஏறி நிற்பதற்கு அது நிகர். இறுக்கினால் கசியாது என்று எண்ணித் தட்டின் போல்ட்டுகளை வலிமை கொண்ட மட்டும் திருகினால், தட்டின் விளிம்பு வளையும். அலுமினியத்தில் உள்ள மரை அறுந்துபோகும். அதன் பிறகே உண்மையான கசிவு தொடங்கும். கைவன்மையைக் காட்டுவதற்கு இது இடம் அன்று.

நிரப்புவதில் இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, சரியான திரவம். கிளட்சு வில்லைகளின் பற்றும் திரவத்தின் குணமும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்து அமைத்தவை. ஆகவே நிறம் ஒன்றே என்று எதையும் ஊற்றலாகாது. இந்தப் பெட்டிக்கு உரியது 2005-இல் வந்த டெக்ஸ்ரான் ஆறு என்னும் வகை; அதற்கு முந்தைய டெக்ஸ்ரான் வகைகளுக்குப் பதிலாகவும் அதை ஊற்றலாம். இரண்டாவது விதி, வெளியே வந்ததை அளப்பது. வடித்த திரவத்தை அளவுக் கோடிட்ட குப்பிகளில் ஊற்றிப் பார்த்தோம். நாலரை லிட்டருக்குச் சற்று மேல் இருந்தது. தயாரித்தவர்கள் கூறும் அளவு 4.7 லிட்டர். அதைவிடச் சற்றுக் குறைவாக, நீண்ட புனலை வைத்து, அளவுக் கம்பியின் குழாய் வழியாகவே புதியதை ஊற்றினோம். பின்பு எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடியே ஒவ்வொரு கியர் நிலையிலும் சில வினாடிகள் நிறுத்தி, மீண்டும் 'பார்க்'குக்கு வந்து, எஞ்சின் ஓடும்போதே மட்டத்தைப் பார்த்துக் குறையை நிரப்பினோம்.

ஏன் ஓடும்போதே பார்க்க வேண்டும்? எஞ்சின் ஓடினால்தான் பம்பு திரவத்தை மேலே ஏற்றி, டார்க் கன்வர்ட்டரையும் வழிகளையும் நிரப்பும். தட்டில் எஞ்சியிருப்பதே உண்மையான மட்டம். ஏன் சூடேறிய பிறகு முடிவான அளவைப் பார்க்க வேண்டும்? சூட்டில் திரவம் விரியும். குளிர்ந்த நிலைக்கும் ஓடிச் சூடேறிய நிலைக்கும் இடையே இந்தப் பெட்டியின் மொத்தத் திரவம் ஏறத்தாழ அரை லிட்டர் பெருகிவிடும். குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும் என்பது எல்லோருக்கும் விளங்கும். மிகுந்தாலும் அதே கேடுதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மட்டம் உயர்ந்தால், சுழலும் பாகங்கள் திரவத்தில் மூழ்கி, மத்து மோரைக் கடைவது போல் அதைக் கடைந்து நுரைக்க வைக்கும். நுரை என்பது காற்று, காற்று அழுங்கும், கிளட்சின் பிடி தளரும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு சிறு கணக்கு. பெட்டியின் மொத்தக் கொள்ளளவு 10.6 லிட்டர், தட்டைக் கழற்றினால் வருவது 4.7 லிட்டர். மீதி டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. எனவே முதல் மாற்றத்துக்குப் பின் பழைய திரவம் நூற்றுக்கு 56 பங்கு இருக்கும். இரண்டாம் முறை மாற்றினால் 31 பங்காகும். மூன்றாம் முறையில் 17. எத்தனை முறை மாற்றினாலும் பழையது குறையுமே தவிர, கணக்குப்படி முற்றும் தீராது. நீங்கள் படிக்கும் பெருக்குத் தொடர் இதுவேதான். தச்சர் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, முதல் மாற்றத்துக்குப் பின் இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்து, மறுபடியும் ஒருமுறை மாற்றினார். வண்டி புதிதாகிவிடவில்லை, பறக்கவும் இல்லை. முன்பு ஓடியது போலவே ஓடியது. நோய் வராமல் காக்கும் வைத்தியத்தின் பலன் இப்படித்தான் இருக்கும். எதுவும் நடக்கவில்லை என்பதே அதன் வெற்றி.

கழித்த திரவத்தை என்ன செய்வது? சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டுவது பெருங்குற்றம். ஒரு வண்டியின் ஒரு முறைப் பழைய எண்ணெய் பத்து இலட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. ஆகவே அதைக் குப்பிகளில் அடைத்து, திரும்பப் பெறும் கடைகளில் ஒப்படைக்கிறார்கள். தூய்மை செய்தால் அது மீண்டும் எண்ணெயாகும். வேலை எண்ணெய் வடிந்தவுடன் முடிவதில்லை. அந்தக் குப்பி உரிய இடம் சேர்ந்த பிறகே முடிகிறது.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் அளவுக் கம்பியே இல்லை. 'ஆயுள் முழுவதுக்குமான திரவம்' என்ற சொல்லையும் கேட்கிறோம். யாருடைய ஆயுள் என்று நாம் கேட்க வேண்டும். உத்தரவாதக் காலமும் ஓர் ஆயுள்தான். இருபது ஆண்டு ஒரு குடும்பத்துக்குச் சோறிடும் டிரக்கின் உழைப்பும் ஓர் ஆயுள்தான். இரண்டும் ஒன்றல்ல. இன்றைய திரவங்கள் முன்னவற்றைவிட நெடுநாள் உழைக்கின்றன என்பது மெய். ஆயினும் வெப்பமும் தேய்மானமும் அவற்றையும் விட்டுவைப்பதில்லை. கம்பி இல்லாத பெட்டிகளிலும் குறித்த வெப்பநிலையில் ஓர் அடைப்பைத் திறந்து மட்டம் பார்க்க வழி வைத்திருக்கிறார்கள். தேடிப் படிப்பவருக்கு அது கிடைக்கும்.

அளவுக் கம்பி என்பது வெறும் இரும்புத் துண்டு அன்று; இயந்திரம் தன்னை உடையவனிடம் பேசுவதற்கு வைத்த வாய். அந்த வாய் மூடப்பட்டால் நாம் பிறர் சொல்லையே நம்ப வேண்டியிருக்கும். எல்லோரும் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் உங்கள் கையில் வரும் எந்த இயந்திரமானாலும், அதனுள் ஓடுவது என்ன, அது எதனால் மூப்படைகிறது, அதை எப்படிப் பார்ப்பது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு வையுங்கள். கேட்கத் தெரிந்தவனைப் பட்டறைக்காரரும் மதிப்பார்; வதந்தியும் எளிதில் மிரட்டாது.